விக்கிபீடியா பூட்டுப் போட்ட கதை

2015 ஜூன் 12 ஆம் திகதி விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு அறிவித்தலை வெளியிட்டது. இனி விக்கிபீடியாவின் எல்லா மொழிகளும், எல்லாப் பக்கங்களும், எல்லா வாசகர்களுக்கும் குறியாக்கம் செய்யப்பட்டே போய்ச் சேரும் என்பதுதான் விசயம். வாசகர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே மாற்றம், உலாவியின் முகவரிப் பட்டையில் வந்த ஒரு சின்னப் பூட்டு. கனபேர் அதைக் கவனிச்சிருக்கவே மாட்டினம். ஆனால் அந்தப் பூட்டைப் போடுவதா விடுவதா என்று முடிவுக்கு வர அவர்களுக்கு நாலு வருசம் பிடித்தது. சேவையகம் தாங்குமா என்று தொடங்கிய கேள்வி, சீனாவில் இருக்கும் ஒரு மாணவிக்கு விக்கிபீடியா கிடைக்குமா கிடைக்காதா என்ற இடத்தில் வந்து நின்றது.

முதலில் ஒரு நியாயமான சந்தேகத்தைப் பார்ப்பம். வங்கிக்குப் பூட்டு வேணும், மின்னஞ்சலுக்கு வேணும். கலைக்களஞ்சியத்துக்கு என்னத்துக்கு? அதில் இருப்பது எல்லாருக்கும் திறந்த எழுத்துத்தானே. இந்தக் கேள்வியைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களே நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் நூலகங்களின் வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. குளிர்யுத்தக் காலத்தில் நூலகங்களுக்குப் போய், சோவியத் நாட்டவர்கள் என்னென்ன வாசிக்கிறார்கள் என்று நூலகர்களிடம் விசாரித்தது. 1987 இல் இது வெளியே தெரிய வந்தபோது நூலகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். புத்தகம் இறாக்கையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கலாம். இன்ன ஆள் இன்ன திகதியில் அதை எடுத்தார் என்ற பதிவேடு அப்படி இருக்க முடியாது. எச்.ஐ.வி. பற்றி, கருக்கலைப்பு பற்றி, ஒரு இயக்கம் பற்றி, ஒரு மதத்தை விட்டு விலகுவது பற்றி ஒருவர் விக்கிபீடியாவில் வாசிப்பதும் இதே கணக்குத்தான்.

குறியாக்கம் இல்லாத இணையம் தபாலட்டை மாதிரி. நீங்கள் கேட்கிற பக்கத்தின் பெயரும், திரும்பி வருகிற பக்கமும், நடுவில் நிற்கிற எல்லாருக்கும் வாசிக்கலாம். வைஃபை வைத்திருக்கும் கடைக்காரர், இணைய நிறுவனம், அதற்குப் பின்னால் நிற்கும் அரசு, எல்லாருக்கும்தான். வாசிப்பதோடு நிற்க வேணுமெண்டும் இல்லை, நடுவில் மாற்றியும் எழுதலாம்.

இதற்கான உறை 1990களின் நடுப்பகுதியிலேயே தயார். நெட்ஸ்கேப் நிறுவனம் 1995 இல் எஸ்.எஸ்.எல். என்ற முறையை வெளியிட்டது. நோக்கம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, சனம் கடனட்டை இலக்கத்தைப் பயப்படாமல் கொடுத்துச் சாமான் வாங்க வேணும். அமெரிக்க அரசு அதிலும் கை வைத்தது. வெளிநாடுகளுக்குப் போகிற பதிப்பில் 40 பிட் சாவிதான் இருக்கலாம் என்று ஏற்றுமதிச் சட்டம் சொன்னது. அதே வருசம் ஓகஸ்ட்டில் டேமியன் டொலிகே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கொஞ்சக் கணினிகளைச் சேர்த்து வைத்து எட்டு நாளில் அந்தச் சாவியை உடைத்துக் காட்டினார். அந்தக் கட்டுப்பாடு தளர 2000 ஆம் ஆண்டு ஆனது.

அதுக்குப் பிறகும் பத்து வருசமளவுக்கு ஒரு வழக்கம் நிலைத்து நின்றது. கடவுச்சொல் கொடுக்கிற பக்கத்துக்கு மட்டும் பூட்டு, உள்ளே போனபின் எல்லாம் திறந்தவெளி. எல்லாவற்றையும் குறியாக்கினால் கணினிகள் தாங்காது, செலவு எகிறும் என்று எல்லாரும் நம்பினார்கள். 2010 ஜனவரியில் கூகுள், சீனாவில் இருந்து தன் மீது தாக்குதல் நடந்ததை அறிவித்த கையோடு ஜிமெயில் முழுவதையும் குறியாக்கத்துக்கு மாற்றியது. அந்த வருசமே அவர்களின் பொறியாளர் அடம் லாங்லி கணக்கைச் சொன்னார்: குறியாக்கத்துக்குப் போனது செயலியின் வேலையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. புதிதாக ஒரு இயந்திரமும் வாங்கவில்லை. பத்து வருசமாகச் சொல்லி வந்த சாட்டு அதோடு பாதி செத்துப்போனது.

மீதிப் பாதியைச் சாகடித்தவை வேறு இரண்டு சம்பவங்கள். 2010 ஒக்ரோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற உலாவிச் செருகியை வெளியிட்டார். பொது வைஃபையில் இருந்துகொண்டு பக்கத்து மேசைக்காரரின் பேஸ்புக் கணக்குக்குள் ஒரு சொடுக்கில் போகலாம். கடவுச்சொல் தேவையில்லை, ஏனென்றால் பூட்டு வாசலில் மட்டும்தானே இருந்தது. அடுத்த சில வாரங்களில் துனிசியா. அங்கே எழுச்சி நடந்துகொண்டிருந்த நாட்களில், நாட்டுக்குள் போகிற பேஸ்புக் நுழைவுப் பக்கத்தில் ஒரு சின்ன நிரல்துண்டு நடுவழியில் செருகப்பட்டு, சனத்தின் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. பேஸ்புக் செய்த மருத்துவம், துனிசியப் பயனர்களைக் குறியாக்கத்துக்குத் திருப்பி விட்டது. எல்லாருக்கும் அதைக் கட்டாயமாக்க 2013 ஜூலை வரை எடுத்தார்கள்.

விக்கிபீடியா இந்த வரிசையில் எங்கே நின்றது எண்டு பாத்தா, கடைசிப் பக்கத்தில். ஆரம்பத்தில் அவர்களிடம் பாதுகாப்பான நுழைவு என்று தனி முகவரியில் ஒரு பின்கேற் மட்டும்தான் இருந்தது. தெரிந்தவர்கள் மட்டும் போவார்கள். 2011 ஒக்ரோபரில்தான் வழக்கமான முகவரியிலேயே குறியாக்கம் வந்தது, அதுவும் நீங்களாக எச்.ரி.ரி.பி.எஸ். என்று தட்டினால் மட்டும். நன்கொடையில் ஓடுகிற நிறுவனம், மாதம் ஏறத்தாழ 50 கோடி வாசகர்கள், கையில் எண்ணக்கூடிய தரவு மையங்கள். கூகுளின் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. இன்னொரு சிக்கல் தூரம். குறியாக்கத் தொடர்பு தொடங்க முன் உலாவியும் சேவையகமும் அறிமுகமாகி, சாவி ஒத்துக்கொள்ள வேணும். அன்றைய முறையில் அதற்கு மேலதிகமாக இரண்டு தடவை போய் வர வேண்டியிருந்தது. ஒருதடவை போய் வரக் கால் செக்கன் எடுக்கிற இடத்தில் இருப்பவருக்கு, பக்கம் வரத் தொடங்க முன்னமே அரைச் செக்கன் போய்விடும். ஆசியாவில் விக்கிமீடியாவின் முதல் தரவு மையம் சிங்கப்பூரில் திறந்தது 2018 இல். அதுவரை நாங்கள் தட்டிய ஒவ்வொரு பக்கமும் கடல் கடந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்த்தான் வந்தது. பூட்டுக்கான கட்டணத்தை அதிகம் கட்டியது தூரத்தில் இருந்த சனம்.

2013 ஜூலை 31 ஆம் திகதி கார்டியன் பத்திரிகை, எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் இருந்து எக்ஸ்கீஸ்கோர் என்ற உளவு ஏற்பாட்டை வெளியிட்டது. அதில் ஒரு படவில்லையில் பேஸ்புக், யாகூ போன்றவற்றின் சின்னங்களோடு விக்கிபீடியாவின் உருண்டையும் இருந்தது. குறியாக்கம் இல்லாத போக்குவரத்தில் நாங்கள் ஏன் அக்கறை காட்டுகிறோம் என்று அமெரிக்க உளவு நிறுவனம் தன் ஆட்களுக்கே விளங்கப்படுத்திய படவில்லை அது. அடுத்த நாளே விக்கிமீடியா தன் குறியாக்கத் திட்டத்தை வெளியில் வைத்தது, அந்த ஓகஸ்ட் முடிவதற்குள் கணக்கு வைத்திருப்போர் எல்லாரையும் மாற்றியது. 2015 மார்ச்சில் அந்த உளவு நிறுவனத்தின் மீது வழக்கும் போட்டது. (வழக்கு 2023 வரை இழுபட்டு, அரச இரகசியம் என்ற சாட்டில் முடிந்துபோனது.)

ஆனால் 2013 ஓகஸ்ட் மாற்றத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. சீனாவையும் ஈரானையும் விட்டுவிட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் இதுதான்.

சீனாவில் 2008 ஒலிம்பிக் காலம் தொடக்கம் விக்கிபீடியா பெரும்பாலும் திறந்திருந்தது. தபாலட்டை முறை என்பதால் தணிக்கைக்காரருக்கு வேலை லேசு. கேட்கிற பக்கத்தின் பெயரைப் பார்ப்பார்கள். தாங் வம்சமா, போகட்டும். தியனன்மென் சதுக்கமா, தொடர்பை அறுத்துவிடு. ஒரு மாணவிக்குப் பௌதிகவியலும் புவியியலும் கிடைத்தன, 1989 ஜூன் 4 கிடைக்கவில்லை. 2011 க்குப் பிறகு விசயம் தெரிந்தவர்கள் குறியாக்க வழியால் போய் அதையும் வாசித்தார்கள். 2013 மே 31 ஆம் திகதி, ஜூன் 4 நினைவுநாளுக்குச் சரியாக முன்னால், சீனா அந்த வழியை மட்டும் அடைத்தது. திறந்தவழி அப்படியே இருந்தது.

இப்ப விக்கிமீடியா என்ன செய்ய வேணும்? எல்லாரையும் குறியாக்கத்துக்குத் தள்ளினால், பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கும் வசதி தணிக்கைக்காரருக்கு இல்லாமல் போகும். அவர் முன் இரண்டு தெரிவுதான் மிஞ்சும்: முழுவதையும் விடுவது அல்லது முழுவதையும் மூடுவது. சீனத் தணிக்கையைக் கண்காணிக்கும் கிரேட்ஃபயர் குழு, துணிந்து தள்ளுங்கள் என்றது. மற்றப்பக்கம் சொன்னது, சூதாடுவது நீங்கள், தோற்றால் இழப்பது சீன வாசகர், அவரிடம் கேட்டீர்களா என்று. இரண்டு பக்கமும் சரி என்பதுதான் கஷ்டம். தொண்ணூறு வீதம் திறந்த கலைக்களஞ்சியமும் பெறுமதியானதுதான். அதேநேரம், தணிக்கைக்காரர் விரும்பிய பக்கங்களை மட்டும் வெட்ட வசதியாகத் தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதும் ஒருவகை ஒத்துழைப்புத்தான்.

பக்கம் பக்கமாக வெட்டுவதை இந்த இரண்டு நாடுகளின் தலையில் மட்டும் போடவும் முடியாது. 2008 டிசம்பரில் பிரித்தானியாவில் ஒரு கண்காணிப்பு அமைப்பு, ஸ்கோர்பியன்ஸ் இசைக்குழுவின் 1976 இசைத்தட்டு அட்டைப்படம் காரணமாக ஒரு விக்கிபீடியாப் பக்கத்தைத் தடுப்புப் பட்டியலில் போட்டது. அதற்காக இணைய நிறுவனங்கள் விக்கிபீடியாப் போக்குவரத்து முழுவதையும் ஒருசில வடிகட்டிக் கணினிகளால் திருப்பிவிட, அந்நாட்டுப் பயனர்கள் எல்லாரும் ஓரிரு முகவரிகளில் இருந்து வருவதாகத் தெரிந்து, கணக்கு இல்லாமல் கட்டுரை திருத்துவதே நின்றுபோனது. நாலைந்து நாளில் பின்வாங்கினார்கள். ஈரானில் 2013 இல் செய்த ஆய்வொன்று பாரசீக விக்கிபீடியாவில் 963 கட்டுரைகள் தடுக்கப்பட்டிருந்ததை எண்ணிக் காட்டியது. 963 கட்டுரைகளைத் தேடித் தேடி மூடியிருக்கிறார்கள் எண்டா, அதுக்குப் பின்னால எத்தனை மேசைகள் வேலை செய்திருக்கும்!

2015 மே 19 ஆம் திகதி சீனா, சீன மொழி விக்கிபீடியாவை முழுதாக மூடியது. மூன்று வாரம் கழித்து விக்கிமீடியா எல்லாருக்கும் பூட்டுப் போட்டது, இந்தமுறை விதிவிலக்கு இல்லை. திகதிகளின் வரிசையைக் கவனிக்க வேணும். பூட்டுத்தான் சீனாவை மூட வைத்தது என்று சிலர் எழுதுவது அவ்வளவு சரியில்லை, கதவு முதலே சாத்தியாயிற்று. மாறாக, ஆங்கிலம் உட்பட்ட வேறு மொழிகள் 2019 ஏப்ரல் வரை அங்கே கிடைத்தன, குறியாக்கத்தோடு, தியனன்மென் பக்கமும் சேர்த்து. பிறகு அவையும் போயின.

ஈரான் மற்றப்பக்கம் விழுந்தது. 963 பக்கங்களைத் தனியாகப் பார்க்க முடியாமல் போன பிறகும் அது விக்கிபீடியாவை நிரந்தரமாக மூடவில்லை. ரஷ்யாவின் கதை கிட்டத்தட்ட நகைச்சுவை. 2015 ஓகஸ்ட்டில் அந்நாட்டின் தகவல்தொடர்புக் கண்காணிப்பு நிறுவனம், சரஸ் என்ற போதைப்பொருள் பற்றிய ஒரே ஒரு கட்டுரையைத் தடுக்கச் சொன்னது. பூட்டு இருப்பதால் ஒரு கட்டுரையைத் தடுக்க வழியில்லை, முழு விக்கிபீடியாவும் போகும் என்ற நிலை. தடை உத்தரவு போட்டு ஒரு நாளுக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள். துருக்கி சிரிக்க விடவில்லை. சிரியப் போரில் துருக்கி அரசின் பங்கு பற்றிய பகுதிகளை நீக்கச் சொல்லி, நீக்காததால் 2017 ஏப்ரல் 29 ஆம் திகதி எல்லா மொழிகளையும் மூடியது. அரசியலமைப்பு நீதிமன்றம் அது பிழை என்று தீர்ப்பளித்து, 2020 ஜனவரி 15 ஆம் திகதிதான் திறந்தது. இரண்டே முக்கால் வருசம். அந்தக் காலத்தில் உயர்தரம் படித்து முடித்த ஒரு துருக்கிப் பிள்ளையிடம் போய், உன் வாசிப்பின் தனிமைக்காகத்தான் இது எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பேர்க்மன் க்ளைன் மையம் 2017 இல் இதையெல்லாம் அளந்து பார்த்தது. பூட்டுக்குப் பிறகு விக்கிபீடியா மீதான தணிக்கை மொத்தத்தில் குறைந்திருக்கிறது என்பது அவர்களின் முடிவு. நானும் விக்கிமீடியா செய்தது சரியென்றுதான் நினைக்கிறேன். மொத்தக் கணக்கில் அது வென்றது. ஆனால் மொத்தக் கணக்கில் சீனமும் துருக்கியும் கழித்தல் குறியோடு நிற்பதை, வெற்றிக் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்து போய்விடுகின்றன.

எழுத்தை விட வீடியோ பாரம். நெட்ஃபிளிக்ஸ் இதே கேள்வியை எதிர்கொண்டபோது அது முழுக்க இயந்திரக் கணக்காக இருந்தது. அவர்களின் சேவையகங்கள் கோப்பை வட்டில் இருந்து எடுத்து நேரே வலையமைப்புக்குத் தள்ளிவிடும், செயலி அந்த பைட்டுகளைத் தொடுவதே இல்லை. குறியாக்கம் எண்டா ஒவ்வொரு பைட்டையும் தொட்டே ஆக வேணும். இருக்கிற கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தொடக்கம் பாதிவரை போய்விடும் என்று 2014 இல் கணக்குச் சொன்னார்கள். பிறகு ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே குறியாக்க வேலையைக் கொண்டுபோய் வைத்து, புதிய செயலிகளின் வசதியையும் பிடித்துக்கொண்டு, 2016 அளவில் மாறினார்கள். 2017 இல் ஒரே சேவையகத்தில் இருந்து செக்கனுக்கு 100 கிகாபிட் அளவைக் குறியாக்கத்தோடு அனுப்பிக் காட்டினார்கள். இயலாது என்றிருந்த வேலை, மூன்று வருசத்தில் வழமையான வேலையாகிவிட்டது.

ஆனால் எல்லா இழப்பையும் பொறியியல் ஈடுகட்டவில்லை. வலை வடிவமைப்பு நூல்களால் தெரியப்பட்ட எரிக் மேயர், உகண்டாவின் கிராமப்புறத்தில் கற்பித்துவிட்டு வந்து 2018 இல் எழுதியதை வாசித்துப் பார்க்க வேணும். அங்கே இணையம் செய்மதி வழியாக வரும், மெதுவும் விலையும். முந்தி இப்படியான இடங்களில் ஒரு உள்ளூர்க் கணினி இருக்கும். ஒரு பிள்ளை விக்கிபீடியாப் பக்கமொன்றைத் திறந்தால் அதன் பிரதி அந்தக் கணினியில் தங்கும், பக்கத்துப் பிள்ளைக்கு அங்கிருந்தே போகும், செய்மதிக்கு மறுபடி காசு கட்டத் தேவையில்லை. பூட்டு வந்த பிறகு நடுவில் இருக்கிற அந்த நல்ல கணினிக்கும் ஒன்றும் தெரியாது. உளவு பார்க்கிறவரையும் உதவி செய்கிறவரையும் குறியாக்கம் ஒரேமாதிரித்தான் நடத்துகிறது. கிவிக்ஸ் என்ற செயலி, விக்கிபீடியாவை முழுதாகத் தரவிறக்கி இணையமே இல்லாமல் வாசிக்க விடுகிறது. நல்ல வழி, ஆனால் எல்லாத் தளங்களும் அதில் கிடைக்காது. மற்றத் தளங்களுக்கு அந்த வகுப்பறை இன்னும் முழுக்காசு கட்டுகிறது.

இலங்கையில் நாங்கள் இந்த வரலாற்றை வேறொரு வாசலால் சந்தித்தோம். 2018 மார்ச்சில் திகன வன்முறைகளைத் தொடர்ந்து அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் என்று முழுத் தளங்களையும் முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் அதே கதை. வெறுப்புப் பதிவு போட்ட பக்கம் எது, வீட்டுக்காரர் உயிரோட இருக்கினமா எண்டு கேட்ட செய்தி எது என்று இணைய நிறுவனத்தால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் எல்லாம் போயிற்று. சனம் வி.பி.என். தேடி ஓடியது. பக்கம் பக்கமாக வெட்டுகிற வசதி இருந்திருந்தால் அரசு அளவாக நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வசதி இருந்தால் எவை முதலில் வெட்டப்படும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

பூட்டு எதை மறைக்காது என்பதற்கும் எங்கட கையிலேயே சான்று இருக்கு. யூடியூப் பக்கேஜ் போட்டால் யூடியூப்புக்குப் போகிற டேட்டா தனிக் கணக்கில் கழியும். எல்லாம் குறியாக்கப்பட்டது எண்டா, நிறுவனத்துக்கு அது யூடியூப் எண்டு எப்பிடித் தெரியும்? தொடர்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் மட்டும் உறைக்கு வெளியே எழுதப்பட்டுத்தான் போகிறது. எந்தக் காணொளி என்று தெரியாது, எந்தத் தளம் என்று தெரியும். 2019 இல் சீனா விக்கிபீடியாவின் எல்லா மொழிகளையும் மூட முடிந்ததற்கும் தளத்தின் பெயர் இப்படி வெளியில் தெரிவது உதவியது.

அந்தப் பெயரையும் உறைக்குள் போடுகிற முறைகளைப் பொறியாளர்கள் சில வருசமாக உருவாக்கி வருகிறார்கள். அதன் முதல் வடிவத்தைப் பயன்படுத்துகிற தொடர்புகளை 2020 நடுப்பகுதியில் சீனா அறுக்கத் தொடங்கியது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அடுத்த வடிவத்தைத் தன் தளங்களுக்குத் திறந்துவிட, 2024 நவம்பரில் ரஷ்யாவும் அதைத் தடுத்தது.